கடைக்கு மென்பொருள் வாங்கியாச்சு, விவரம் யாரிடம் இருக்கிறது?

மின் விலைப்பட்டியல், அதாவது நம்மவர்கள் 'இ-இன்வோய்ஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்ட முறை, 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி பெரிய நிறுவனங்களோடு தொடங்கியது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ளவர்கள் முதலில் வந்தார்கள். 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேல், அதே ஆண்டு ஜூலையில் 50 லட்சத்துக்கு மேல், 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்துக்கு மேல் என்று படிப்படியாக இறங்கி, இப்போது பட்டணத்து நகைக்கடை, துணிக்கடை, மளிகை மொத்த வியாபாரம், லோரி தொழில் நடத்தும் நம்மவர்களின் வாசலுக்கே வந்துவிட்டது. பலர் புதிய மென்பொருள் வாங்கிவிட்டார்கள். மாதக் கட்டணமும் தவறாமல் போகிறது. ஆனாலும் "பில் போடத் தெரிகிறது, போட்டது சரியா என்றுதான் தெரியவில்லை" என்ற பேச்சு கடைக்குக் கடை கேட்கிறது.

மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது ஒரு வேலை. நம் கடைக்கு என்னென்ன தேவை, அவற்றில் எதையெல்லாம் அது செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று தெரிந்து வைத்திருப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு விற்றவரின் ஆள் வருவார். இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலான கடைகளில் யாரும் கிடையாது. கணினித் துறையில் இதைத் 'தேவைகளைத் தொடர்ந்து கண்காணிப்பது' என்பார்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. நம் கடைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

ஒரு நகைக்கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய வாரம் ஓர் அம்மா பழைய சங்கிலியைக் கொடுத்து, மேற்கொண்டு பணம் போட்டுப் புது ஆரம் வாங்குகிறார். கடைக்காரருக்கு அது ஒரே வியாபாரம். எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் ஒரே சிட்டையில் எழுதி, பழைய தங்கத்தின் மதிப்பைக் கழித்து மீதியை வாங்கிக்கொள்வார். வரி வாரியத்தின் கணக்கில் அது இரண்டு வியாபாரம். புது நகையைக் கடை விற்றது ஒன்று. வியாபாரம் செய்யாத ஒரு தனிநபரிடம் கடை பழைய தங்கம் வாங்கியது இன்னொன்று. அந்த அம்மா விலைப்பட்டியல் எழுதித் தர முடியாது என்பதால், வாங்கிய கடையே 'சுய விலைப்பட்டியல்' போட வேண்டும்.

இதோடு முடியவில்லை. விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களின் சில்லறை விற்பனைகளை மாதக் கடைசியில் ஒன்றாகத் திரட்டி, அடுத்த 7 நாளுக்குள் ஒரே பட்டியலாக அனுப்பலாம். ஆனால் ஒரே விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால் அப்படித் திரட்ட முடியாது, தனிப் பட்டியல்தான் என்பது 2026 ஜனவரி 1 முதல் வந்த விதி. இன்று தங்கம் விற்கிற விலையில் ஓர் ஆரம் 10,000 வெள்ளியைத் தாண்டுவது பெரிய விஷயமா? தனிப் பட்டியல் என்றால் வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணோ வரி எண்ணோ வேண்டும். பெயரைத் தட்டச்சு செய்யும்போது 'ஏ/பி' என்பதில் உள்ள சாய்கோடு இடறுகிறது. சில மென்பொருள்கள் அந்தக் கோட்டை ஏற்பதே இல்லை. வெளிநாட்டில் செய்த சிலவற்றில் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு ஊழியர் அப்பாவின் பெயரை அதில் போடுவார், இன்னொருவர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஒரே ஆளுக்கு மூன்று விதமான பெயரில் மூன்று கணக்கு உருவாகிவிடும்.

இந்த ஒரு விற்பனையில் மட்டும் குறைந்தது ஐந்து தேவைகள் இருக்கின்றன. அவை யார் யாருக்குத் தெரியும் என்று பாருங்கள். சுய விலைப்பட்டியல் விஷயம் மாதம் ஒருமுறை வந்துபோகும் கணக்காளருக்குத் தெரியும். சாய்கோட்டுத் தொல்லை பில் போடும் பெண்ணுக்குத் தெரியும். அவர் தமக்கென்று ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருப்பார். சேதாரக் கணக்கு பட்டறை ஆசாரிக்குத் தெரியும். 10,000 வெள்ளி விதிக்கு மென்பொருளில் எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பது, ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன தம்பிக்கு மட்டும் தெரியும். முதலாளிக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். பில் போடும் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டால், அல்லது அந்தத் தம்பி வேலை மாறிவிட்டால், விவரமும் அவர்களோடு போய்விடும். மென்பொருள் மட்டும் கடையில் இருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்ததும் கிராணி செக்ரோலில் பதிந்துவிடுவார். யார் வந்தார், எந்த வேலைக்குப் போனார், அரை நாளா முழு நாளா எல்லாம் அதில் இருக்கும். கிராணி மாற்றலாகிப் போனாலும் புதிதாக வந்தவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே சம்பளம் போட்டார். கிராணியின் ஞாபகத்தை நம்பித் தோட்டம் நடக்கவில்லை. கணினி வந்த பிறகு நாம்தான் ஞாபகத்தை நம்ப ஆரம்பித்திருக்கிறோம். எல்லாம் மெஷினுக்குள் இருக்கிறது என்ற நினைப்பு. மெஷினுக்குள் இருப்பது முடிவு மட்டும்தான். ஏன் அப்படி வைத்தோம் என்ற காரணம் அதில் இருக்காது.

காரணத்தை எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சின்ன உதாரணம், ரொக்கத்தில் கடைசிக் காசைச் சரிக்கட்டுவது. 2008 ஏப்ரல் 1 முதல் பேங்க் நெகாராவின் ஏற்பாட்டின்படி பில்லின் மொத்தத் தொகையைப் பக்கத்து 5 காசுக்குச் சரிக்கட்டுகிறோம். 1, 2 காசு கீழே இறங்கும். 3, 4 காசு 5 ஆகும். 6, 7 காசு 5க்கு இறங்கும். 8, 9 காசு 10க்கு ஏறும். மொத்தத்துக்குத்தான் இந்தக் கணக்கு, ஒவ்வொரு சாமானுக்கும் அல்ல. இதை அறியாத புதுப் பையன் ஒருவன் பில்லைக் கூட்டிப் பார்த்து, 2 காசு இடிக்கிறதே என்று நல்லெண்ணத்தில் மென்பொருளைத் 'திருத்தி' வைத்தால் மாதம் முழுக்கக் கணக்கு உதைக்கும். "மொத்தத்தில் மட்டும் 5 காசுக்குச் சரிக்கட்டல், பேங்க் நெகாரா விதி, 2008" என்று ஒரு வரி எங்காவது இருந்திருந்தால் அவன் கை வைத்திருக்க மாட்டான்.

வரி விகிதத்தில் இது இன்னும் பெரிய தலைவலி. 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்யம் ஆனது. செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி திரும்பியது. 2024 மார்ச் 1இல் சேவை வரி 6இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உணவகம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு 6 விழுக்காடுதான் என்று விட்டார்கள். 2025 ஜூலை 1இல் விற்பனை, சேவை வரியின் எல்லை மறுபடியும் விரிந்தது. வரி உயர்ந்ததாம் என்று கேள்விப்பட்டு, உணவகம் வைத்திருப்பவர் 6 இருக்கும் இடமெல்லாம் 8 போட்டால் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வசூலித்ததாகிவிடும். எந்த விகிதம், எதற்கு, எந்தத் தேதியிலிருந்து, யார் சொன்னது என்ற நான்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இது சின்னக் கடைகளின் பிரச்சினை, பெரிய இடத்தில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு பங்கு வணிக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்டு 1ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்கென்று ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதில் கலந்துகொள்ள நைட் தன் மென்பொருளை மாற்றியது. மொத்தம் 8 சர்வர்கள். புதிய நிரலை ஏற்றிய ஊழியர் 7 சர்வர்களில் ஏற்றிவிட்டார், ஒன்று விடுபட்டுப் போனது. இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிய நடைமுறை எதுவும் அங்கே கிடையாது.

விடுபட்ட அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் கிடந்தது. 2003ஆம் ஆண்டிலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், அழிக்கவில்லை. 2005இல் வேறொரு மாற்றம் செய்தபோது, வாங்கியது போதும் என்று அந்த நிரலை நிறுத்தும் கணக்குப் பகுதியை இடம் மாற்றினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக் சரியாக ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பயன்படுத்தாத ஒன்றை ஏன் பார்க்க வேண்டும்? 2012இல் புதிய நிரலை எழுதியவர்கள், ஒரு காலத்தில் பவர் பெக்கைத் தட்டியெழுப்பிய அதே சுவிட்சைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 7 சர்வர்களில் அந்த சுவிட்ச் புதிய வேலையைச் செய்தது. எட்டாவதில் ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிய பேயை எழுப்பிவிட்டது.

காலையில் சந்தை திறந்தது. சுமார் 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் வியாபாரங்கள் நடந்து முடிந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் கணினி பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்ற பெயரில் வராததால் யாரும் பொருட்படுத்தவில்லை. பிரச்சினை தெரிந்ததும் செய்த காரியம் இன்னும் மோசம். புதிய நிரல்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

அந்த நிறுவனத்தில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த சுவிட்ச் முன்பு எதற்காக இருந்தது, பழைய நிரல் இன்னும் உள்ளே கிடக்கிறதா, எட்டு சர்வரிலும் ஏற்றியாயிற்றா என்ற மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் எழுதி இல்லை, அவ்வளவுதான். நம் கடையில் இரண்டு கவுண்டர் இருந்து, ஒன்றில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு மற்றதை மறந்தால் நடப்பதும் இதே கதைதான். கோடிக் கணக்கு நஷ்டமாகாது, ஆனால் ஒரே நாளில் இரண்டு விதமான வரி வசூலாகியிருக்கும்.

சரி, புத்தகத்தில் என்ன எழுதுவது? ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண் கொடுங்கள். தேவை என்ன என்பதைச் சொந்த வார்த்தையில் ஒரு வரியில் எழுதுங்கள். அது எங்கிருந்து வந்தது (சட்டமா, வாடிக்கையாளர் கேட்டதா, கடைப் பழக்கமா), எந்தத் தேதியிலிருந்து, மென்பொருளில் எந்தப் பக்கத்தில், எந்தப் பதிப்பில் வந்தது, யார் எந்தப் பில்லைப் போட்டுச் சோதித்தார் என்று எழுதுங்கள். நகைக்கடைக் கணக்கில் இப்படி இருக்கும்: "எண் 14. பழைய நகையை மாற்றாக வாங்கினால் சுய விலைப்பட்டியல். வரி வாரிய விதி, கணக்காளர் சொன்னது. கொள்முதல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கவுண்டரிலும் மாதிரிப் பில் போட்டுப் பார்த்தாயிற்று." இதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய வரியை அழிக்காதீர்கள். விதி மாறினால் மேலே ஒரு கோடு கிழித்து, மாறிய தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் புதிய வரி போடுங்கள். தொலைபேசியில் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோமே, அதில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள் சிலர். வாழ்த்துப் படத்துக்கும் குட்மார்னிங்குக்கும் நடுவில் கிடக்கும் ஒரு விதியை ஆறு மாதம் கழித்துத் தேடிப் பாருங்கள், தெரியும்.

விதிகள் மாறும் என்பதற்கு மின் விலைப்பட்டியலே சாட்சி. முதலில் ஆண்டு விற்பனை ஒன்றரை லட்சம் வெள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலக்கு என்றார்கள். 2025இல் அது 5 லட்சம் ஆனது. அந்த ஆண்டு டிசம்பரில் 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முதல் அறிவிப்பைக் கேட்டுப் பதறிப்போய் மென்பொருளுக்குப் பணம் கட்டிய சின்ன வியாபாரிகள் எத்தனையோ பேர். "வாங்கியதற்குக் காரணம்: விலக்கு வரம்புக்கு மேலே இருக்கிறோம்" என்று எழுதி வைத்திருப்பவர், வரம்பு மாறிய அன்றே இந்த மாதக் கட்டணம் இன்னும் வேண்டுமா என்று கேட்க முடியும். எழுதி வைக்காதவர் கட்டிக்கொண்டே இருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினம் நாலைந்து பில் மட்டும் போடுகிறவருக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளமும் கைப்பேசிச் செயலியும் இலவசம். விற்பனையாளர்கள் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். தினம் நூறு பில் போகும் கடைக்குத்தான் தனி மென்பொருள் கட்டாயத் தேவை.

புதிய பதிப்பை ஏற்றும் நாளை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். கூட்டம் உள்ள நாளில் வேண்டாம். தீபாவளி, தைப்பூச வாரங்களில் வேண்டவே வேண்டாம். மென்பொருள் செய்பவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்றே வரி வாரியம் ஒரு தனிச் சோதனைத் தளம் வைத்திருக்கிறது. உங்கள் விற்பனையாளர் அதில் சோதித்தாரா என்று கேளுங்கள். பிறகு உங்கள் புத்தகத்தைத் திறந்து, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒவ்வொரு தேவைக்கும் ஒரு மாதிரிப் பில் போடச் சொல்லுங்கள். சாதாரண விற்பனைப் பில்லை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு எல்லாம் ஓகே என்று கிளம்பப் பார்ப்பார்கள். பழைய நகை மாற்று, சாய்கோடு உள்ள பெயர், பாதிப் பணம் கட்டிப் பற்று வைத்த கணக்கு, திருப்பிக் கொடுத்த சாமான் என்று கோணலான பில்கள்தான் உண்மையான சோதனை. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் எப்படி, யார் செய்வார், எந்த நேரத்துக்குள் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். ஏற்றிய பிறகு முதல் மூன்று நாள் யாராவது ஒருவர் உட்கார்ந்து பில்களைப் பார்க்க வேண்டும். வாரியம் ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியலை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதற்குப் பிறகு வரவுக் குறிப்பு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும், அது தனி வேலை.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியல் போடத் தவறினால் வருமான வரிச் சட்டத்தின் 120ஆம் பிரிவின் கீழ் 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனியாக. அப்போது மென்பொருள் விற்றவர் வந்து நிற்கமாட்டார். கடையின் பெயர்தான் தாளில் இருக்கும்.

கடைசியாக, ஆள் மாறும் நேரம். ஊழியர் வேலையை விட்டுப் போவதற்கு முன்பு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எழுதாத குறுக்குவழி ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நிச்சயம் இரண்டாவது இருக்கும். மென்பொருள் நிறுவனத்தை மாற்றுவதாக இருந்தால், பழையவரிடம் கடைசிக் கட்டணம் கட்டும் முன்பே வாடிக்கையாளர் பட்டியல், பொருள் பட்டியல், அனுப்பிய விலைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவத்தில் வாங்கிவிடுங்கள். மைஇன்வோய்ஸ் கணக்கு முதலாளியின் பெயரிலும் முதலாளியின் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். ஏற்றிக் கொடுத்த தம்பியின் மின்னஞ்சலில் பதிந்திருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். இந்தப் புத்தகத்தையும் அந்தக் கோப்புகள் இருக்கும் அதே அலமாரியில் வையுங்கள், சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.